தார்ச்சாலை முடியும் இடத்தில் திட்டமும் முடிந்துவிடக் கூடாது

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும், தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் மாநிலத் திட்ட இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஜவ்வாது மலையில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மடலில் உள்ளவற்றில் பலவற்றைப் பணியில் இருந்தபோதே மாதாந்திரக் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அங்கே எத்தனை கர்ப்பிணிகள் பதிவு, எத்தனை தடுப்பூசி, எத்தனை கருத்தடை என்று எண்ணிக்கை கேட்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த துணைச் சுகாதார நிலையத்தின் முறை வந்துவிடும். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தின் பொது சுகாதாரத் துறையில் வேலை பார்த்ததில் எனக்குப் பெருமை உண்டு. 1939-லேயே பொது சுகாதாரத்துக்கென்று சட்டம் போட்ட மாகாணம் இது. 1994-ல் மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை தட்டுப்பாடில்லாமல் வந்து சேர வழி செய்த மாநிலம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்ததாக வந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான பெண்களின் நடை இருக்கிறது. யாரும் அதைச் சும்மா கொடுத்துவிடவில்லை.

ஆனால் மிச்சமிருக்கும் அந்த 0.4 சதவீதம் மாநிலம் முழுக்கச் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. எங்கள் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பர்கூர் மலை என்று சில இடங்களில் குவிந்து கிடக்கிறது. சராசரி எடுக்கும்போது நாங்கள் காணாமல் போய்விடுகிறோம். சென்னையிலிருந்து பார்த்தால் வேலை முடிந்துவிட்டது போலத் தெரியும். மலையில் நிற்பவர்களுக்கு முடிந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஒன்றியத் தலைமையிடமான ஜமுனாமரத்தூருக்கு நல்ல சாலை இருக்கிறது, போளூரிலிருந்து பேருந்து வருகிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பெரும்பாலும் அதுவரை வந்து, அங்குள்ள சுகாதார நிலையத்தைப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் திரும்புவார்கள். அதைத் தாண்டி, சாமைக் கொல்லைகளுக்கும் புளிய மரங்களுக்கும் நடுவே பத்து வீடு, பதினைந்து வீடு என்று சிதறிக் கிடக்கும் ஊர்கள்தான் நான் வேலை பார்த்த மலை. அங்கே போக மண் பாதை. மழை பெய்தால் அதுவும் இல்லை. ஓடை பெருகினால் வடிகிற வரைக்கும் இக்கரையில் நிற்க வேண்டும்.

108 வண்டி 2008-ல் வந்தபோது மலையே மகிழ்ந்தது. ஆனால் சாலை முடிகிற இடத்தில் வண்டியும் நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள தூரத்தைக் கடக்கத் தூளிதான். மூங்கில் கழியில் கம்பளியையோ சேலையையோ கட்டி, உள்ளே நோயாளியைக் கிடத்தி, முன்னும் பின்னுமாக ஆட்கள் தோள் கொடுப்பார்கள். இறக்கத்தில் வேகமாக நடக்க முடியாது. தோள் மாற்ற இன்னும் சிலர் கூடவே வர வேண்டும். இரவென்றால் டார்ச் பிடிக்க ஒருவர். கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் பாறை வரைக்கும் முன்னதாகவே ஓடிப்போய் 108-க்குச் சொல்ல இன்னொருவர். ஒரு பிரசவத்துக்கு ஏழெட்டு ஆண்களின் ஒரு நாள் வேலை போகும். அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அவர்களும் கேட்டதில்லை. ஆனால் அறுவடைக் காலத்தில் ஆள் சேர்வது தாமதமாகும். ஆண்கள் காப்பித் தோட்டத்துக்கோ ஊர்விட்டு வேறு வேலைக்கோ போயிருக்கும் மாதங்களில் தூக்க ஆளே இருக்காது. அப்போதுதான் கிழவிகளும் சின்னப் பிள்ளைகளும் மட்டும் சுற்றி நிற்க வீட்டிலேயே பிரசவம் நடக்கிறது. "ஏன் வீட்டில் பிரசவம்?" என்று விளக்கம் கேட்டு எங்களுக்குக் குறிப்பாணை வரும். தூக்க ஆளில்லை என்று அதில் எழுதத் தனிக் கட்டம் கிடையாது.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாதை சரியில்லாமல் மருத்துவமனைக்குப் போவது தாமதமாகி, குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் வழியிலேயே நின்றுவிட, தாய் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலை ஏறினார். அந்தப் படம் நாடு முழுக்க வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஊருக்குச் சாலை என்ற பேச்சு வேகமெடுத்தது. நாமக்கல் மாவட்டத்துப் போதமலையிலும் தலைமுறை தலைமுறையாகத் தூளியில்தான் இறக்கினார்கள். ஒரு குழந்தையின் சாவு செய்தியாகி, அந்தச் செய்தி பெரிதாகி, அதன் பிறகு ஓர் ஊருக்குச் சாலை என்கிற இந்த வரிசை மாற வேண்டும். அடுத்த ஊர் எது என்று மலையில் வேலை பார்க்கும் ஒவ்வொரு செவிலியருக்கும் தெரியும். எங்களைக் கேளுங்கள், ஒரே நாளில் பட்டியல் தந்துவிடுவோம்.

"சாலை எங்கள் துறை இல்லை" என்று நீங்கள் சொல்லக்கூடும். "காப்புக்காடு, வனத்துறை அனுமதி வேண்டும்" என்று ஊரக வளர்ச்சித் துறை சொல்லும். இந்தப் பதிலை நான் பல முறை கேட்டவள் என்பதால், சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்ற பிரிவு இருக்கிறது. பள்ளி, மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின் மற்றும் தொலைத்தொடர்புக் கம்பிகள், குடிநீர், சாலை உட்பட 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்கலாம் என்கிறது அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலமாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட நடைமுறை இதற்குத் தேவையில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 3.75 மீட்டர் அகலத்தில் தார் போட்டால், ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் வரும். எங்கள் மலையில் பல ஊர்களுக்குக் காட்டுக்குள் விடுபட்டிருக்கும் துண்டு அதற்கும் குறைவு. ஒரு துணைச் சுகாதார நிலையம் கட்டவோ அதில் ஒரு சிறு பங்கே போதும்.

இந்தப் பிரிவில் மருந்தகமும் சாலையும் ஒரே பட்டியலில் இருப்பதால்தான் உங்கள் துறைக்கு எழுதுகிறேன். எந்த ஊரில் எந்த மாதம் எத்தனை பேர் தூளியில் இறங்கினார்கள் என்ற விவரம் சுகாதாரத் துறையிடம்தான் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு நீங்கள் மாவட்ட ஆட்சியரிடம் போய், இந்த ஊருக்கு இந்தத் துண்டுச் சாலை மருத்துவத் தேவை என்று எழுதிக் கொடுத்தால், அதற்கு இருக்கும் எடை ஒரு ஊராட்சித் தலைவரின் மனுவுக்குக் கிடைக்காது.

சாலை வரும்வரை தூளி இருக்கத்தான் போகிறது. அதுவரை தூக்குபவர்களுக்குக் கூலி கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இது சின்னச் செலவு. கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வருகிறது. அதிலிருந்து தூக்குக் கூலி கொடுக்கலாம் என்று ஓர் எழுத்துப்பூர்வ ஆணையும், மலை ஊர்களுக்கு அந்தத் தொகையைக் கூட்டியும் கொடுத்தால் போதும். கூலி கொடுத்தால் ரசீது இருக்கும். ரசீது இருந்தால் கணக்கு இருக்கும். எந்த ஊரில் எத்தனை முறை தூக்கினார்கள் என்று அப்போதாவது உங்கள் கோப்பில் ஏறும். கூடவே ஒவ்வொரு ஊருக்கும் நல்ல மடக்கு ஸ்ட்ரெச்சர் ஒன்று வேண்டும். கம்பளித் தூளியில் முதுகு வளைந்து கிடக்கும் நிறைமாதக் கர்ப்பிணியின் வலியை நான் கூடவே நடந்து பார்த்திருக்கிறேன்.

தூக்கி இறக்கும் நிலை வராமலிருக்கத்தான் பழங்குடியினர் பகுதிகளில் பிரசவக் காத்திருப்பு அறைகள் தொடங்கப்பட்டன. தேதிக்குச் சில நாள் முன்பே வந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தங்கிக்கொள்ளலாம், துணைக்கு ஒருவர் இருக்கலாம், சாப்பாடு உண்டு. நல்ல யோசனை. இதைக் கொண்டுவந்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன். ஆனால் எத்தனையோ முறை வீடு தேடிப் போய்க் கெஞ்சியும் பெண்கள் வரமாட்டார்கள். படிப்பறிவில்லை, பயம், மூடநம்பிக்கை என்று அறிக்கைகளில் எழுதுவோம். அவர்கள் என்னிடம் சொன்ன காரணம் வேறு. "நர்சம்மா, நான் வந்துட்டா ஆட்டை யாரு ஓட்டுவா? பெரியவனுக்கு யாரு சோறு ஆக்குவா?" மாமியார் துணைக்கு வந்தால் வீட்டில் இருக்கும் இரண்டு வயதுப் பிள்ளையை என்ன செய்வது? கணவன் வந்தால் கூலி போகும். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு நாளும் பதில் இருந்ததில்லை.

பதில் உங்களிடம் இருக்கலாம். மூத்த பிள்ளைகளையும் கூட்டி வந்து தங்கவைக்க இடமும் சாப்பாடும் கொடுங்கள். பக்கத்து அங்கன்வாடியில் அந்த நாட்களுக்கு அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணைக்கு வருபவருக்கு நாள் கூலி கொடுங்கள். ஆட்டுக்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏதாவது கொடுத்தால் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்தப் பெண்களே சொல்வார்கள். தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாயின் கையில் ஒரு தொகை கிடைத்தால் அந்த வழியையும் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். தூளியில் இறக்கி, போளூருக்கும் அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கும் அனுப்பி, இரத்தம் ஏற்றி, உயிரோடு போராடும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

பணம் என்று வரும்போது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1987-ல் 300 ரூபாயில் தொடங்கி, 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று வளர்ந்த திட்டம். அதில் 14,000 ரூபாய் பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கிடைக்கிறது. இந்தியாவில் பல மாநிலத்துத் தாய்மார்களுக்குக் கனவு போன்ற தொகை இது. ஆனால் யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவமாக இருக்க வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு பெண்ணின் பேரில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் காரணம் உண்டு என்பது எனக்குத் தெரியும். சீக்கிரம் பதிவு செய்ய வைக்க, இளவயதுத் திருமணத்தைத் தடுக்க, சிறு குடும்பத்தை ஊக்குவிக்க. நானே வீடு வீடாகப் போய் இதையெல்லாம் எடுத்துச் சொன்னவள்தான். ஆனால் மூன்றாவது பிள்ளையைச் சுமந்து, கண்ணிமையைத் திறந்து பார்த்தால் வெள்ளைவெளேர் என்று இருக்கும் பெண்ணுக்குத்தான் பேரீச்சையும் நெய்யும் இரும்புச்சத்து மருந்தும் எல்லோரையும் விடத் தேவை. பதினெட்டு வயதில் முதல் பிள்ளையைச் சுமப்பவளுக்குத்தான் ஆபத்து அதிகம். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. பணத்துக்கு நிபந்தனைகள் இருக்கட்டும், அதைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஊட்டச்சத்துப் பெட்டகத்துக்கு மட்டும் எந்த நிபந்தனையும் வேண்டாம். கர்ப்பிணி என்றால் கொடுங்கள். எத்தனையாவது பிள்ளை என்று சாப்பாட்டிடம் கேட்கக் கூடாது.

வெளியூர் வேலைக்குப் போகும் குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கல். கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்குப் போகும்போது ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதம். திரும்பி வரும்போது ஏழு மாதம். பதிவு தாமதம், எனவே பணம் இல்லை. அங்கே ஊசி போட்டிருந்தாலும் அந்த அட்டை இங்கே கணினியில் ஏறாது. பிக்மி எண் என்று நாங்கள் சொல்லும் 12 இலக்கப் பதிவு எண் இல்லாமல் போனால், 2017 அக்டோபரிலிருந்து பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதும் சிக்கல். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு ஆதாரிலிருந்து சாதிச் சான்றிதழ் வரை எல்லாம் தள்ளிப்போகும். தாய் பிழைக்கப் போன பாவத்துக்குப் பிள்ளை பள்ளி சேரும் வயது வரை அலைய வேண்டியிருக்கிறது. வங்கிக் கணக்கு சமாச்சாரமும் இப்படித்தான். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கு, அப்பா பெயரில் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயர், இரண்டும் பொருந்தாது. வரவு செலவே இல்லாமல் கிடந்த கணக்கு முடங்கியிருக்கும். அதைத் திறக்க ஜமுனாமரத்தூர் போய் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். மலை ஊர்களுக்கு மாதம் ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழு போகும்போது, வங்கித் தொடர்பாளர் ஒருவரையும் ஆதார் திருத்தும் கருவியோடு ஒருவரையும் அதே வண்டியில் ஏற்றி அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். இரண்டு துறைகள் ஒரே தேதியைக் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்து எழுதப் போவது எனக்குக் கஷ்டமான விஷயம். ஆனால் இதை எழுதாமல் விட்டால் மீதி எழுதியதற்கு அர்த்தமில்லை.

18 வயது நிறையாத பெண் கர்ப்பமாக எங்களிடம் வந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காத செவிலியருக்கும் மருத்துவருக்கும் தண்டனை உண்டு. இந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளை பெற்று உடம்பு குலைந்துபோன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பெண் குழந்தைகளைப் பாதுகாக்கச் சட்டம் கடுமையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மலையில் நடப்பது என்னவென்றால், நர்சம்மாவிடம் போனால் போலீஸ் வரும், பையன் சிறைக்குப் போவான் என்று எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அதனால் அந்தப் பெண்ணை எங்கள் கண்ணிலேயே காட்டுவதில்லை. நாங்கள் ஊருக்குள் நுழைவது தெரிந்ததும் பக்கத்து ஊர் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு இரத்தப் பரிசோதனை இல்லை, ஒரு ஸ்கேன் இல்லை, ஒரு இரும்புச்சத்து மாத்திரை இல்லை. எட்டாவது மாதம் கால் வீங்கி, தலைவலி வந்து, பார்வை மங்கின பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். சில சமயம் அதற்கும் வருவதில்லை. யாரைக் காப்பாற்றச் சட்டம் போட்டார்களோ அவளே மருத்துவத்திலிருந்து ஒளிந்துகொள்கிறாள்.

அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல் வாங்க வேண்டும் என்கிறது. இது மலை ஊர்களில் உண்மையாகவே நடக்கிறதா என்று காவல்துறையோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய வளாகத்துக்குள் காவல் வண்டி வந்து நிற்கக் கூடாது என்று ஒரு நடைமுறையைக் கொண்டுவாருங்கள். தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும். ஆனால் சிகிச்சை ஒரு நாள்கூட நிற்காது, விசாரணைக்காக யாரும் படுக்கையிலிருந்து எழுப்பப்பட மாட்டார்கள் என்று நீங்கள் எழுத்தில் உறுதி கொடுத்தால், அதை நாங்கள் வீடு வீடாக எடுத்துப்போவோம். பிரசவத்தில் ஒரு சிறுமியை இழந்த பிறகு நடக்கும் இறப்புத் தணிக்கைக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே கேட்கப்படும் எல்லாக் கேள்வியும் ஆறு மாதம் தாமதமாகக் கேட்கப்படுகிறது.

காப்பீட்டுத் திட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்பது பெரிய விஷயம். வருமான வரம்பை 72,000-லிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தியதும் நல்லது. ஆனால் அட்டைக்குப் பதிவு செய்யக் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும் என்றால், மலைக்காரர்களுக்கு அது இரண்டு நாள் கூலியும் பயணச் செலவும். நோய் வந்து படுத்த பிறகுதான் அட்டையைத் தேடுவார்கள். முகாம்களை ஒன்றியத் தலைமையிடத்தில் வைக்காமல் வாரச்சந்தை நடக்கும் இடங்களில் வையுங்கள். சந்தை நாளுக்கு எல்லா ஊர்க்காரர்களும் இறங்கி வருவார்கள்.

பாம்புக்கடிக்கு வருகிறேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு தேசியச் செயல்திட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இரண்டும் சரியான முடிவுகள். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை 1978-ல் தொடங்கப்பட்ட, வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. ஒரு பழங்குடிச் சமூகத்தின் உழைப்பில் உருவாகும் மருந்து இன்னொரு பழங்குடி ஊருக்கு நேரத்தில் கிடைக்காமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்து சுகாதார நிலையத்தில் இருப்பது பாதிதான். ஊசி போட்டவுடன் சிலருக்கு ஒவ்வாமை வந்து இரத்த அழுத்தம் விழுந்துவிடும் என்ற பயத்தில், மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே "மேல் மருத்துவமனைக்குப் போங்க" என்று அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பணிக்குப் புதிதாக வந்த இளம் மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. இரவில் தனியாக, துணைக்கு ஒரே ஒரு செவிலியரோடு, கையில் ஒரு குழந்தை கிடக்கும்போது பயம் வரத்தான் செய்யும். ஆனால் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் சுமார் 40 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகளோடு. கட்டுவிரியன் கடித்தவருக்கு இமை சரியத் தொடங்கிவிட்டால் மூச்சு நிற்பதற்குள் அந்தத் தூரத்தைக் கடக்க முடியுமா? மலையில் பணியமர்த்தும் ஒவ்வொரு மருத்துவருக்கும், செவிலியருக்கும் இதற்கென்று செய்முறைப் பயிற்சி கொடுங்கள். இருபது நிமிட இரத்த உறைதல் சோதனைக்கு ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாய் போதும். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின், மூச்சுக்கு உதவக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் ஆம்பு பை (Ambu bag), போன் எடுத்தால் எந்த நேரத்திலும் பேசக்கூடிய ஒரு மூத்த மருத்துவர், இவை இருந்தால் முதல் தவணை மருந்து மலையிலேயே ஏறிவிடும். அனுப்புவதை அதற்குப் பிறகு செய்யலாம்.

இதையெல்லாம் செய்ய வேண்டியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது பழைய அளவுகோல். 3,000 பேர் ஒரே ஊரில் இருந்தால் அது சரி. முப்பது குக்கிராமங்களில் பிரிந்து கிடந்தால் ஒரு செவிலியர் எப்படி நடப்பார்? மலை, பாலை மாவட்டங்களுக்கு மக்கள்தொகைக்குப் பதிலாக, குடியிருப்பிலிருந்து நடந்து 30 நிமிடத்தில் அடையும் தூரத்தில் நிலையம் வேண்டும் என்ற விதியை ஒன்றிய அரசின் ஊரகச் சுகாதார ஆவணங்களே சொல்கின்றன. அந்த விதியை எங்கள் மலைக்கு முழுமையாகப் பொருத்திப் பாருங்கள். எத்தனை நிலையங்கள் குறைகின்றன என்று தெரியும். நம் மாநிலத்தில் மலை, பழங்குடிப் பகுதிகளில் மட்டுமே ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். அந்த ஊர்ப் பேச்சுவழக்கில் பேசுவார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டினால் வருவார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, செய்யும் வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகைதான். ஒரு கர்ப்பிணி தங்கள் ஊரை விட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டால், அவளுக்காக நடந்த நடைக்கு ஒன்றும் கிடைக்காது. அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை கொண்டுபோகும் பெண்களுக்கும் மலையில் நடக்கும் தூரத்தைக் கணக்கில் எடுத்துப் படி கொடுங்கள். எனக்குப் பிறகு வந்த செவிலியர்களில் பலர் மாற்றல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தங்கும் குடியிருப்பில் தண்ணீர் வராது, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. இருபத்தைந்து வயதுப் பெண் அங்கே தனியாக எப்படி இருப்பாள்? குடியிருப்பைச் சரி செய்யாமல் மலைப் பணிக்கு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

நான் கேட்பவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே உங்கள் சட்டங்களிலும் விதிகளிலும் இருப்பவை. ஆகவே ஒரு காரியத்தோடு தொடங்குங்கள். ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்துக்கு, ஜவ்வாது மலையின் ஒவ்வொரு ஊராட்சிக்கும் துறையிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். ஒன்றியத் தலைமையிடத்தோடு நிற்காமல் கடைசிக் குக்கிராமம் வரை அவர் நடந்து வரட்டும். கையில் வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவுக்கான விண்ணப்பப் படிவம் இருக்கட்டும். எந்த ஊருக்குச் சாலை, எந்த ஊருக்குத் துணைச் சுகாதார நிலையம் என்று மக்களே சொல்வார்கள். தீர்மானத்தை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மாவட்ட வன அலுவலரிடம் துறையின் பெயரில் கொடுங்கள். வழி தெரியாவிட்டால் எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற செவிலியர்களைக் கூப்பிடுங்கள். முழங்கால் வலி இருந்தாலும் கூடவே வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
ஜவ்வாது மலை, திருவண்ணாமலை மாவட்டம்